பின்வளவுத் தொட்டியும் பீஎச்சும்

புரட்டாதியில் பின்வளவில் சீமெந்துத் தொட்டி கட்டி, கிணற்றுத் தண்ணீர் நிரப்பி, அவசரப்பட்டு கப்பி மீன் விட்டேன். நாலாம் நாள் எல்லாம் செத்து மிதந்தன. சோதனைத் தாளில் பீஎச் (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் அளவு; 7-க்கு மேல் காரம்) 9-ஐத் தாண்டியிருந்தது.

தேசிக்காய்ப் புளி விட்டேன். இறங்கியது, மறுநாள் பழையபடி! யாழ்ப்பாணத்துக் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லில் தோண்டியவை. அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் காபனேற்று என்னும் கார உப்பு, விட்ட புளியை எல்லாம் தின்றுவிடுகிறது. போதாக்குறைக்குப் புதுச் சீமெந்தும் சுண்ணாம்பு கக்கும்.

சரி என்று, ஐந்து தடவை நிரப்பி, ஊறவிட்டு, இறைத்தேன். ஐப்பசி மழை தொடங்கியதும் கூரைத் தண்ணீர் பாதி, கிணற்றுத் தண்ணீர் பாதி. பச்சைப் பாசி வெயிலில் கரியமில வாயுவை உறிஞ்சுவதால் பின்னேரம் பீஎச் ஏறும். அதைத் தடுக்கத் தொட்டிக்கு மேலே நிழலுக்குக் கிடுகு கட்டினேன். இப்போது 8-க்குள் நிற்கிறது. கப்பியும் குட்டி போட்டுத் தள்ளுகிறது.