‘ஹயர்’: ஆளா, ஜீப்பா?

விடியக்காலையில் குமுளி ரோட்டில் நின்றால் ‘ஹயர்’ என்ற சொல்லின் இரண்டு பொருளும் ஒரே வண்டியில் வந்து இறங்கும். கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு மலையேறும் ஜீப், வாடகைக்கு எடுத்தது. உள்ளே தூக்குவாளியோடு நெருக்கி உட்கார்ந்திருக்கும் அக்காமார், கூலிக்கு எடுத்த ஆட்கள். ஆங்கிலக்காரருக்கு இரண்டும் ஹயர்தான். பழைய ஆங்கிலத்தில் இதன் மூலச்சொல்லுக்குக் கூலி என்றே பொருள்.

முதலில் எழுத்து: எச்-ஐ-ஆர்-இ. ‘இன்னும் உயரமாக’ என்பதற்கான ஹையர் வேறு, அதில் நடுவே ஜி-எச் உண்டு. ‘ஹயரிங்’ என்று நீட்டும்போது கடைசி இ உதிர்ந்துவிடும்.

இரண்டாவது, சொல்லுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பாருங்கள். ‘தே ஹயர்டு டென் விமன்’ என்றால் பத்துப் பெண்களை வேலைக்கு எடுத்தார்கள். ‘வீ ஹயர்டு எ ஜீப்’ என்றால் வாடகை. அமெரிக்காவில் காருக்கு ‘ரென்ட்’ என்பார்கள். பிரிட்டனில் கார் ஹயர், வீடு ரென்ட்.

மூன்றாவதில்தான் முக்கால்வாசிப் பேர் வழுக்குகிறார்கள்: எடுத்தது யார்? என்னிடம் படித்த தம்பி ஒருவன் தேக்கடிப் பக்கம் ஒரு விடுதிக்கு விண்ணப்பம் போட்டான். ‘ஐ ஹயர்டு இன் எ ரிசார்ட் ஃபார் டூ இயர்ஸ்.’ இரண்டு வருடம் வேலை பார்த்தேன் என்று சொல்ல நினைத்திருக்கிறான். மேனேஜர், “அப்படியா, எத்தனை பேரை எடுத்தாய்?” என்று கேட்க, பையன் முழித்தான். தமிழில் வேலைக்குச் ‘சேர்ந்தேன்’ என்கிறோம், சேர்வது நாம். ஹயர் செய்வது முதலாளி. ஆகவே ‘ஐ வாஸ் ஹயர்டு’, இல்லையென்றால் ‘தே ஹயர்டு மீ’. அப்புறம் அந்த இரண்டு வருடம்? ஹயர், எடுத்த அன்றே முடிந்த காரியம். அதற்குப் பிறகு பார்த்ததெல்லாம் ‘ஐ வொர்க்டு’.

சரி, ‘ரெக்ரூட்’? கங்காணியை நினைத்துக்கொள்ளுங்கள். ஊர் ஊராகப் போய், முன்பணம் கொடுத்து, மூணாறு தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டிக் கூட்டிவந்தாரே, அந்த வேலை ரெக்ரூட். எடுத்த ஆளை வேலையில் வைத்திருப்பது ‘எம்ப்ளாய்’. பதவியும் ஆர்டரும் கொடுத்து அமர்த்துவது ‘அப்பாயின்ட்’. ஏலக்காய் எடுக்க வருகிற ஆளை யாரும் அப்பாயின்ட் செய்வதில்லை.

‘ஹயர் பர்ச்சேஸ்’ என்று பார்த்தால் ஆளைத் தேடாதீர்கள். தவணை முடியும்வரை வண்டி நம்மிடம் வாடகைக்கு இருப்பதாகக் கணக்கு, கடைசித் தவணை கட்டினால்தான் சொந்தம். அப்படி வாங்கிய ஜீப்பின் ஓனர் அண்ணனைக் கேளுங்கள், இன்னும் எத்தனை மாதம் பாக்கி என்று யோசிக்காமல் சொல்வார்.