வெண்ணெயும் பட்டாணியும்: கரண்டிச் சோதனை வீட்டில் சரியாக வர

மகளுக்குத் தொடக்கநிலை 4 அறிவியலில் வெப்பம் பாடம் வந்தது. கரண்டிச் சோதனையை வீட்டிலேயே செய்து காட்டிவிடலாம் என்று இறங்கினேன். சுடுதண்ணீர்க் குவளையில் கரண்டிகளை நிறுத்தி, ஒவ்வொரு காம்பிலும் வெண்ணெயால் ஒரு காய்ந்த பட்டாணியை ஒட்ட வேண்டும். எதில் பட்டாணி முதலில் விழுகிறதோ அது வெப்பத்தை நன்றாகக் கடத்துகிறது. எங்கள் வீட்டில் முதலில் விழுந்தது மரக்கரண்டிப் பட்டாணி. “புத்தகம் தப்பாம்மா?” என்றாள். மூன்று முறை சொதப்பிய பிறகு சரியாக வந்த முறை இது.

படி 1: கரண்டிகள்

எவர்சில்வர், மரம், பிளாஸ்டிக் என்று மூன்று போதும். காம்பின் தடிமன் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். வெள்ளிக் கரண்டி இருந்தால் கட்டாயம் சேருங்கள். மகளுக்கு முதல் சோறு ஊட்ட என் அம்மா சிங்கப்பூர்த் தேக்காவில் வாங்கிய சின்னக் கரண்டியைத்தான் நான் எடுத்தேன். உலோகம் என்றாலே வேகம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். எவர்சில்வர் உலோகங்களில் சோம்பேறி. வெள்ளி அதைவிட 20 மடங்குக்கு மேல் நன்றாகக் கடத்தும்.

படி 2: வெண்ணெய்

நம் சமையலறையில் பகலில் 31 பாகை. வெண்ணெய் சுடுதண்ணீருக்காகக் காத்திருக்காது, தானாகவே குழைந்துவிடும். அதனால் சுண்டைக்காய் அளவு வெண்ணெயால் பட்டாணியை ஒட்டி, எல்லாக் கரண்டிகளையும் பத்து நிமிடம் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். சோதனையை ஏர்கான் போட்ட அறையில் செய்யுங்கள். பட்டாணி மிக உயரத்தில் வேண்டாம். குவளை மூடிக்கு (படி 3) மேல் இரண்டு விரற்கடை போதும். அதற்கு மேல் போனால் எவர்சில்வரில் சூடு ஏறி வருவதற்குள் தண்ணீர் ஆறிவிடும்.

படி 3: மூடி

என்னைக் கவிழ்த்தது இதுதான். திறந்த குவளையிலிருந்து எழும் ஆவி நேராக வெண்ணெயில் போய்ப் படுகிறது. ஆவி தண்ணீராக மாறும்போது விடும் வெப்பம் சாதாரணமானதல்ல: 1 கிராம் நீராவி 100 பாகையில் தண்ணீராகும்போது சுமார் 2,260 ஜூல். அதே 1 கிராம் கொதிநீர் 30 பாகைக்கு ஆறினால் வெளிவருவது 300 ஜூல்கூட இல்லை. அப்படியானால் மரக்கரண்டியில் வெண்ணெயை உருக்கியது மரமே அல்ல, மேலே போன ஆவி. கடத்தலைக் காட்டுவதாக நினைத்து நான் வேறு எதையோ காட்டிக்கொண்டிருந்தேன்.

தீர்வு, தானியப் பெட்டி அட்டை. குவளை வாயைவிடப் பெரிதாக வெட்டி, காம்பு இறுக்கமாக நுழையும் அளவுக்குக் கீறல் போடுங்கள். கரண்டிகளை அட்டையில் செருகிய பிறகு பட்டாணியை ஒட்டி, அட்டையோடு சேர்த்தே குளிர வைப்பது சுலபம். கீறல் தளர்வாக இருந்தால் அங்கேயும் ஆவி வரும். நான் மாவைப் பிசைந்து அடைத்தேன்.

படி 4: ஊற்றுதல்

கொதித்த தண்ணீரைப் பீங்கான் குவளையில் நீங்களே ஊற்றுங்கள், பிள்ளை வேண்டாம். அட்டையை அப்படியே மேலே வைத்தால் எல்லாக் கரண்டிகளும் ஒரே நொடியில் தொடங்கும். எங்களுக்கு வெள்ளிதான் முதலில் விழுந்தது, அப்புறம் வெகுநேரம் கழித்து எவர்சில்வர். மற்ற இரண்டும் விழவே இல்லை.

படி 5: பனிக்கட்டி

இது புத்தகத்தில் இல்லை, ஆனால் எனக்கு இதுதான் பிடித்தது. அலுமினியச் சட்டியையும் மரப் பலகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தொடச் சொல்லுங்கள். சட்டி சில்லென்று இருக்கும், பலகை அப்படி இருக்காது. இப்போது இரண்டிலும் ஒவ்வொரு பனிக்கட்டி. எது முதலில் உருகும்? மகள் பலகை என்றாள், “அதுதானே சூடா இருக்கு.” சட்டியில் வைத்தது கண்ணெதிரே தட்டையாகிக் குளமானது, பலகையில் இருந்தது மூலை மழுங்காமல் உட்கார்ந்திருந்தது. இரண்டும் அறையின் வெப்பநிலையில்தான் இருக்கின்றன. சட்டி நம் விரலிலிருந்து வெப்பத்தைச் சட்டென்று இழுப்பதால் சில்லென்கிறது. அதே வேகத்தில் பனிக்கட்டிக்கும் கொடுக்கிறது.

வெப்பநிலை ஒன்றுதான் என்று காட்ட நுனி உள்ள சமையல் வெப்பமானி வாங்குங்கள். கொவிட் காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானி உதவாது. அது உடல் சூட்டுக்கென்று செய்தது, பளபளக்கும் உலோகமோ எதிரே இருப்பதன் கதிர்வீச்சைத்தான் பெரும்பாலும் திருப்பி அனுப்பும்.

கதிர்வீச்சுக்குத் தனியாகச் சோதனை வேண்டாம். மேற்குப் பார்த்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு என்றால் சாயங்காலம் படுக்கையறைச் சுவரைத் தொட்டால் போதும்: வெயில் வெளிச்சுவருக்கு வந்தது கதிர்வீச்சாக, கான்கிரீட்டுக்குள் நுழைந்தது கடத்தலாக.

பின்சேர்க்கை: வெண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய் உறைய வைக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அது 24 பாகையிலேயே உருகும், பெட்டியைத் திறந்து மேசைக்கு வருவதற்குள் கதை முடிந்துவிடும். மெழுகு அதற்கு நேர்மாறு, 50 பாகைக்கு மேல் வேண்டும், எவர்சில்வர் காம்பு அவ்வளவு சூடாகாது. இன்னொருவர் வீட்டில் பிளாஸ்டிக் ஜெயித்துவிட்டதாம். படம் அனுப்பச் சொன்னேன்: அந்தப் பட்டாணிக்கு மட்டும் வெண்ணெய் கடுகளவு.