காய்ச்சல் விட்டாலும் மாத்திரையை விடாதீர்கள்: மலேரியா மருந்தில் நேரும் தவறுகள்

மலேரியாவுக்கு மாத்திரை ஆரம்பித்து ஓரிரு நாளில் பலருக்குக் காய்ச்சல் விட்டுவிடும். உடம்பு லேசாகும், பசி எடுக்கும். மீதி மாத்திரை அலமாரிக்குப் போவது அப்போதுதான்.

மலேரியாவில் ஃபால்சிபாரம் என்ற வகைக்குப் பரவலாகத் தரப்படும் ஆர்டிமீத்தர்–லூமிஃபான்ட்ரின் கூட்டு மருந்து 3 நாளுக்கு 6 வேளை. இரண்டாவது வேளையை 8 மணி நேரத்தில் போட்டுவிட வேண்டும். பிறகு காலையும் இரவும். ஆர்டிமீத்தர் கிருமிகளை வெகுவேகமாகக் கொன்று குவிக்கும், ஆனால் சில மணி நேரத்தில் ரத்தத்தை விட்டுப் போய்விடும். மிச்சத்தைத் தீர்த்துக்கட்டுவது பல நாள் தங்கும் லூமிஃபான்ட்ரின்தான். பாதியில் நிறுத்தினால் அதன் அளவு போதாமல் போய், மருந்தை ஓரளவு தாங்கக்கூடிய கிருமிகள் பிழைத்துப் பெருகும். வெறும் வயிற்றில் போட்டாலும் இதே கதிதான்; கொழுப்புள்ள உணவோ பாலோ கூட இருந்தால்தான் லூமிஃபான்ட்ரின் உடலில் சரியாகச் சேரும். போட்ட ஒரு மணி நேரத்துக்குள் வாந்தியெடுத்தால் அந்த வேளையைத் திரும்பப் போட வேண்டும்.

ஆர்டிமீத்தர் போன்ற ஆர்டிமிசினின் வகை மாத்திரையைக் கூட்டு மருந்தாக இல்லாமல் தனியாக வாங்கிப் போடுவது இன்னொரு பெரிய தவறு. குளோரோகுயின் என்ற பழைய மலேரியா மருந்துக்கு அடங்காத ஃபால்சிபாரம் 1950களின் கடைசியிலேயே தாய்லாந்து–கம்போடியா எல்லையில் தலைகாட்டியது. அதே நிலை ஆர்டிமிசினினுக்கும் வரக்கூடாது என்றுதான், தனி மாத்திரை விற்பனையை நிறுத்தும்படி 2006இல் உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டது. அப்படியும் மேற்குக் கம்போடியாவில் அது கிருமிகளைக் கொல்லும் வேகம் குறைந்திருப்பது 2008இல் பதிவானது. இப்போது ருவாண்டா, உகாண்டாவிலும் அதை ஓரளவு தாங்கும் கிருமிகள் இருக்கின்றன. இதற்கு அடுத்து கைவசம் இருக்கும் மருந்துகள் மிகக் குறைவு என்பதுதான் எனக்குள்ள பெரிய கவலை.

வைவாக்ஸ் என்ற இன்னொரு வகை மலேரியாவில் பலர் கோட்டை விடுவது பிரைமாகுயினில். இதற்குத் தரப்படும் குளோரோகுயின் ரத்தத்தில் இருக்கும் கிருமிகளைத்தான் கொல்லும். கல்லீரலில் உறங்கும் கிருமிகள் வாரங்கள், மாதங்கள் கழித்து எழும். வழக்கமாக 14 நாள் தரப்படும் பிரைமாகுயின் அவற்றுக்காகத்தான். ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு அது சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்பதால் முதலில் ரத்தப் பரிசோதனை தேவை. கர்ப்பிணிகளுக்குத் தரக்கூடாது.

மலேரியா உள்ள பகுதிக்குப் போகிறவர்கள், திரும்பியதும் தடுப்பு மாத்திரையை மறந்துவிடுகிறார்கள். டாக்ஸிசைக்ளினை அங்கிருந்து கிளம்பிய பிறகும் 4 வாரம் தொடர வேண்டும். கல்லீரலிலிருந்து கிருமி ரத்தத்துக்கு வரும்போதுதான் அது பிடிக்கும். கல்லீரலிலேயே தாக்கும் அடோவகுயோன்–புரோகுவானிலுக்கு 7 நாள் போதும். எந்த மாத்திரையும் முழுக் காப்பு அல்ல, கொசுவலையும் வேண்டும். மாதங்கள் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் போய்வந்த இடத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். முதல் ரத்தப் பரிசோதனையில் கிருமி தெரியாவிட்டாலும், சந்தேகம் இருந்தால் 12 முதல் 24 மணி நேரத்தில் மறுபடி எடுக்க வேண்டும்.