எந்தக் கருவிக்கு எந்தக் கிருமிநாசினி?

கிருமிநாசினி வாங்கும்போது பெரும்பாலோர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கிறார்கள். நான் புட்டியைத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிப்பேன். எந்தெந்தக் கிருமிகளைக் கொல்லும், எவ்வளவு நீரில் கலக்க வேண்டும், எத்தனை நிமிடம் ஈரம் காயாமல் இருக்க வேண்டும் என்ற மூன்றும் அங்கே இல்லையென்றால், மல்லிகையாய் மணந்தாலும் அது என் சலூனுக்குள் வராது. காயத்தில் தடவும் ஆன்டிசெப்டிக்கில் சீப்பை ஊறவைப்பவர்களும் உண்டு. அது தோலுக்காகச் செய்தது. கருவிக்கு உரியது வேறு.

பாக்டீரியாவைக் கொல்லும் என்று மட்டும் எழுதியிருந்தால் நமக்குப் போதாது. சீப்பிலும் கிளிப்பரிலும் தலைக்குத் தலை தாவுவது படர்தாமரைப் பூஞ்சை. கத்தியிலும் நகவெட்டியிலும் அஞ்ச வேண்டியது ரத்தத்தில் பரவும் வைரஸ்கள். ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் வீரியத்துடன் இருக்கக்கூடியது. ஆகவே பாக்டீரியா, பூஞ்சை, வைரஸ் மூன்றும் லேபிளில் இருக்க வேண்டும்.

அடுத்தது நிமிடக் கணக்கு. மருந்தைத் தேர்ந்தெடுப்பதில் பலர் சறுக்குவது இங்கேதான். 10 நிமிடம் ஊற வேண்டிய மருந்தை வாங்கிவிட்டு, கூட்டம் கூடியதும் நனைத்த உடனே எடுத்துத் துடைத்தால், வாடிக்கையாளரின் தலையில் படுவது வெறும் ஈரச் சீப்பு. கூட்ட நேரத்திலும் உங்களால் காத்திருக்க முடிகிற மருந்தாகப் பாருங்கள். அல்லது ஒரு செட் ஊறும்போது எடுக்க இன்னும் இரண்டு செட் சீப்பு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதுதான் என் வழி. சீப்பு வாங்குவது சிரமமில்லை.

எந்த மருந்தானாலும் கழுவிய கருவியில்தான் வேலை செய்யும். பயிற்சிக்கு வருகிறவர்களிடம், ஊறி முடிந்ததாகச் சொல்லும் சீப்பை வெளிச்சத்துக்கு நேராகப் பிடிக்கச் சொல்வேன். பல்லுக்குப் பல் அடியில் எண்ணெயும் பொடுகும் திரண்டு சாம்பல் நிறத்தில் ஒட்டியிருக்கும். அந்தப் படலத்தைத் தாண்டி மருந்து உள்ளே போகாது. சோப்பு நீரில் பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாக அலசி, நீர் வடிந்த பிறகே ஊறவைக்க வேண்டும். சோப்பு மிச்சமிருந்தால் குவாட்டர்னரி அமோனியம் என்ற சேர்மம் கொண்ட வகை மருந்தின் வீரியம் குறையும். நீர் சொட்டச் சொட்டப் போட்டால் கலவை நீர்த்துவிடும்.

சீப்பு, பிரஷ், கிளிப் போன்றவற்றுக்கு அந்தக் குவாட்டர்னரி அமோனியம் வகையே எனக்குப் பிடித்தது. வாடை குறைவு, பிளாஸ்டிக்கைக் கெடுப்பதும் குறைவு. அளவுக் குவளையால் அளந்து கலந்து, கருவி முழுவதும் மூழ்கும்படி வையுங்கள். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். நடுவில் கலங்கினால் அப்போதே கொட்டிவிடுங்கள்.

கத்தரிக்கோலுக்கும் ட்வீசருக்கும் 70 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஏற்றது. 99 சதவீதம் இன்னும் நல்லது என்று நினைக்க வேண்டாம். கிருமியின் புரதத்தைச் சிதைக்க ஆல்கஹாலுக்கு நீரும் தேவை. நீர் இல்லாவிட்டால் வேலை முடியுமுன் ஆவியாகிவிடும். இது ரப்பரையும் சிலவகைப் பிளாஸ்டிக்கையும் கெடுக்கும், எளிதில் தீப்பிடிக்கும். கிளிப்பருக்கு அதற்கென்று வரும் ஸ்பிரேயை வாங்கி, இணைப்பைத் துண்டித்து, முடியைத் தட்டியபின் பிளேடில் அடியுங்கள். நேரம் முடிந்ததும் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

வீட்டு உபயோக பிளீச், அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட், மலிவு, வேகமானது. ரத்தம் சிந்திய இடத்தைத் துடைத்தபின் 5 சதவீத பிளீச் ஒரு பங்குக்கு 9 பங்கு நீர் கலந்து ஊற்றுவேன். எஃகுக் கருவிகளை அது அரித்துவிடும், நீரில் கலந்து வைத்தால் ஒரு நாளில் வீரியமும் போய்விடும். கழிப்பறை கழுவும் அமிலத்தோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். கிளம்புவது குளோரின் வாயு. மருத்துவமனைக் கருவிகளுக்குப் பயன்படும் குளூட்டரால்டிஹைடைப் பொறுத்தவரை, மூச்சுத்திணறலையும் ஆஸ்துமாவையும் கொண்டுவரக்கூடிய அந்த மருந்துக்குக் காற்றோட்டம் குறைந்த சலூனில் வேலையே இல்லை.

சவர பிளேடு, மரக்குச்சி, அட்டை நக அரம் ஆகியவற்றுக்கு எந்த மருந்தும் வேண்டாம். ஒருவருக்குப் பயன்படுத்தியதும் எறிந்துவிடுங்கள். தோலைக் கீறக்கூடிய எஃகுக் கருவிகளுக்கு 121 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் ஓடும் ஆட்டோகிளேவுக்கு, அதாவது அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கருவிக்கு, ஈடு இல்லை. நீல விளக்கு எரியும் புற ஊதாப் பெட்டியைப் பலர் அதற்கு மாற்றாக நம்புகிறார்கள். ஒளி படாத மறுபக்கம் அப்படியே இருக்கும். சுத்தமான கருவியை அடுக்கிவைக்க அது நல்ல அலமாரி, அவ்வளவே.

கடைசியாக, கால்களை ஊறவைக்கும் பெடிக்கியூர் தொட்டி. 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரு நக சலூனுக்குப் போன நூற்றுக்கும் மேற்பட்டோருக்குக் கால்களில் கொப்புளம் வந்தது. காரணம் மைக்கோபாக்டீரியம் என்ற வகையைச் சேர்ந்த ஒரு பாக்டீரியா. நீர் உறிஞ்சும் வாயின் சல்லடைக்குப் பின்னால் சிக்கியிருந்த முடியிலும் தோல் துணுக்கிலும் அது குடியிருந்தது. ஒவ்வொருவருக்குப் பிறகும் நீரை வடித்து, தொட்டியைச் சோப்பால் தேய்த்து அலசி, நீர் நிரப்பி, தொட்டிகளுக்கு உரிய கிருமிநாசினியை அளந்து ஊற்றி, லேபிள் சொல்லும் நிமிடம் வரை நீரைச் சுழற்றும் ஜெட்டை ஓடவிடுங்கள். சல்லடையைத் தினமும் கழற்றிப் பின்பக்கம் தேயுங்கள். கழற்ற முடியாத மாதிரித் தொட்டியை வாங்கவே வாங்காதீர்கள்.