மூன்று ரிச்சர்ட்: ஐரிஷ் காணிக் குடும்பமொன்றின் தலைமுறையைத் தேடும் வழி

திருகோணமலையில் ஒரு நொத்தாரிசிடம் 31 வருடம் காணி உறுதி எழுதியவன் நான். பேரனுக்கு அப்பப்பாவின் பெயரை வைப்பது எங்கள் வழக்கம். அதனால் ஒரு வளவின் உறுதிக்கட்டை அவிழ்த்தால் மூன்று கந்தையா வருவார்கள். எந்தக் கந்தையா என்று காட்டுவது எல்லைதான்: வடக்கே ஒழுங்கை, கிழக்கே இன்னாரின் தென்னங்காணி.

டப்ளினில் இருக்கும் தங்கையின் மகள் போனில் கேட்டாள்: "மாமா, இவருடைய ஆட்கள் கோர்க் பக்கம் நம்மட போடியார் மாதிரி பெரிய காணிக்காரராய் இருந்தவையாம். பரம்பரையைக் கண்டுபிடிக்கலாமோ?" அங்கும் மூன்று ரிச்சர்ட். அதே முறையில்தான் தேடினோம்.

இருப்பவர்களிடம் கேட்டுத் தொடங்குங்கள். அப்புறம் 1901, 1911 குடிசன மதிப்பீடுகள், இணையத்தில் இலவசம். அதற்கு முந்தியவற்றில் மிகச் சிலதான் மிஞ்சின. 1922இல் டப்ளின் பொது ஆவணக் காப்பகத்தில் பற்றிய தீயில் போனது ஒரு பகுதி, அரசே அழித்தது இன்னொரு பகுதி.

ஊரைவிடச் சிறிய 'டவுன்லாண்ட்' பெயரைப் பிடியுங்கள், எங்கள் குறிச்சி மாதிரி. 60,000க்கு மேல் உண்டு, ஒரே பெயர் பல இடத்தில் வரும். அது சேர்ந்த கோயிற்பங்கின் (parish) பெயரையும் சேர்த்தே எழுதி வையுங்கள். வரிக்காக எடுத்து 1847 முதல் 1864 வரை வெளியான காணிக் கணக்கான கிரிஃபித் மதிப்பீட்டில் ஒவ்வொரு துண்டுக் காணியையும் யார் யாரிடமிருந்து வைத்திருந்தார் என்று இருக்கும். காணிக்காரக் குடும்பத்தைத் தேடுகிறவர் குத்தகைக்கு விட்டவரின் நிரலைப் பார்க்க வேண்டும்.

உண்மையான புதையல் 1708இல் தொடங்கிய டப்ளின் உறுதிப் பதிவகம். வேறு கட்டடத்தில் இருந்ததால் அந்தத் தீ அதைத் தொடவில்லை. ஆள் பெயர்ச் சுட்டி காணியைக் கொடுத்தவர் பெயரில் மட்டும்தான். வாங்கியவரைத் தேடினால் இடப் பெயர்ச் சுட்டிக்குப் போங்கள். ஃபேமிலிசேர்ச் என்ற பரம்பரை தேடும் இணையத்தளத்தில் பக்கங்களின் படங்கள் இலவசம். கல்யாண ஒப்பந்தங்களை விடாதீர்கள். எங்கள் சீதன உறுதி போலவே பெண்ணின் தகப்பன், எழுதிக் கொடுத்த காணி எல்லாம் அதில் வரும்.

எங்களுக்கு முடிச்சை அவிழ்த்தது 'மூன்று ஆயுள்' குத்தகை. பெயர் குறித்த மூன்று பேரில் கடைசி ஆள் சாகும்வரை அது செல்லும். அதனால் சின்னப் பிள்ளைகளின் பெயரைப் போடுவார்கள், பலவேளை வயதோடு. 'ரிச்சர்ட், வில்லியமின் இரண்டாவது மகன், வயது 7' என்று கண்டதும் நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். நடு ரிச்சர்ட் அவன்தான்.

பெயர் வைக்கும் முறையும் துப்புத் தரும். மூத்த மகனுக்குத் தகப்பனின் தகப்பன் பெயர், இரண்டாமவனுக்குத் தாயின் தகப்பன் பெயர், மூன்றாமவனுக்குத் தகப்பனின் பெயர். மூத்த மகளுக்கு அம்மம்மாவின் பெயர். எல்லோரும் கடைப்பிடித்ததில்லை, ஆகவே தேட ஒரு திசையாக மட்டும் எடுங்கள், சாட்சியாக எடுக்காதீர்கள். காணிக்காரர் வீடுகளில் தாயின் குடும்பப் பெயரே பிள்ளையின் முதற்பெயராக வருவதும் உண்டு. குத்தகையில் கண்ட அந்த இரண்டாவது மகன் ரிச்சர்டைக் கொண்டுதான் தாய்வழித் தாத்தா ரிச்சர்டைத் தேடிப் பிடித்தோம்.

வமிச அட்டவணையில் ஒவ்வொரு பெயரின் கீழும் டவுன்லாண்டை எழுதுங்கள். தங்கையின் மகளுக்குக் கார்த்திகையில் பிள்ளை. ஆண்பிள்ளை என்றால் அவர்கள் வழக்கத்திலும் எங்கள் வழக்கத்திலும் அப்பப்பாவின் பெயர், வில்லியம்தான்.