மினி கூப்பர் எஸ்: சூப்பர்சார்ஜரின் சூட்டை அடக்கும் முறை

ஆர்53 எனப்படும் பழைய மினி கூப்பர் எஸ் காரின் 1.6 லிட்டர் எஞ்சினில், ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) அழுத்தும் காற்று சூடேறி, எஞ்சினுக்கு மேலேயே அமர்ந்திருக்கும் இன்டர்கூலர் எனும் காற்றுக் குளிர்விப்பானில் தணிந்த பிறகுதான் சிலிண்டர்களுக்குச் செல்கிறது. பூஸ்ட்டை, அதாவது இந்தக் காற்றழுத்தத்தைக் கூட்ட, சூப்பர்சார்ஜர் இன்னும் வேகமாகச் சுழலும்படி பலரும் அதில் 15 சதவீதம் சிறிய புல்லியை (பெல்ட் ஓடும் சக்கரம்) பொருத்துகிறார்கள். அதற்கு முன், இன்டர்கூலரின் இருபுற ரப்பர் இணைப்புகளைக் கழற்றி, மடிப்புகளை விரலால் விரித்து வெடிப்பு உள்ளதா என்று பாருங்கள், ஏனெனில் அங்கே கசிந்தால் கூடிய அழுத்தம் வெளியேறிவிடும். பானெட்டின் காற்றுத் திறப்புக்கும் இன்டர்கூலருக்கும் இடையிலுள்ள அடைப்புப் பட்டை நைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். ஒரு படி குளிர்ந்த வகை (சூட்டை வேகமாகக் கடத்தும்) ஸ்பார்க் பிளக் நல்லது, உயர் ஆக்டேன் பெட்ரோல் கட்டாயம் தேவை. நாக்கிங் (எரிபொருள் தாறுமாறாக எரிவதால் எழும் தட்டல் ஒலி) கேட்டால் உடனே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். நெரிசலில் நின்ற பிறகு இன்டர்கூலரே கொதித்துக் கிடக்கும். காரின் கணினித் தகவல்களைக் காட்டும் ஓபிடி கருவியில், எஞ்சினுக்குள் உட்செல்லும் காற்றின் வெப்பநிலை இறங்கும்வரை மிதமாக ஓட்டுங்கள்.