கொடுவா மீன் தோலில் வேர்முடிச்சு பாக்டீரியாவா? மாதிரி எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மீன் தோலில் என்னென்ன பாக்டீரியா இருக்கிறது என்று பார்க்க, தோலைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து மாதிரி எடுப்போம். அதற்காக முட்டுக்காடு, பழவேற்காடு பக்கம் உவர்நீர்ப் பண்ணைகளுக்குப் புது மாணவர்களோடு போகும்போதெல்லாம் அதே தவறுகளைப் பார்க்கிறேன். கையுறை போடு, குப்பியில் பெயர் எழுது என்பதை எல்லாரும் சொல்லித்தருகிறார்கள். சொல்லாமல் விடுவதை இங்கே எழுதுகிறேன்.

மீன்களை ஒரே வாளியில் குவிப்பது

ஒன்றின் கோழை இன்னொன்றில் ஏறிவிடும். வேண்டாம்.

பிளாங்க் (மீனைத் தொடாத வெற்று மாதிரி) எடுக்காமல் திரும்புவது

மீன் தோலின் மேற்பரப்பு வரை உயிருள்ள செல்கள்தான். அதற்கு மேல் கோழை. கோழையில் லைசோசைம் போன்ற பாக்டீரியாக் கொல்லிகள் உண்டு, பழையது கழன்று புதியது சுரந்துகொண்டே இருக்கும். அதனால் பஞ்சுக்குச்சியில் வரும் பாக்டீரியா டிஎன்ஏ கொஞ்சம்தான், மீனுடையதே அதிகம். இவ்வளவு குறைவாக இருக்கும்போது, டிஎன்ஏ பிரிக்கும் கிட்டிலேயே (ரசாயனப் பெட்டியிலேயே) ஒளிந்திருக்கும் பாக்டீரியா டிஎன்ஏ துணுக்குகள், டிஎன்ஏவை நகலெடுக்கும் பிசிஆரில் பெருகி முன்வரிசைக்கு வந்துவிடும். 2014இல் வந்த ஆய்வொன்று அப்படிப்பட்ட பாக்டீரியாக்களைப் பட்டியலிட்டிருக்கிறது. பிராடிரைசோபியமும் ரால்ஸ்டோனியாவும் அதில் உண்டு.

ஒரு மாணவி கொடுவா முடிவுகளோடு ஓடிவந்தார். "சார், புண் வந்த மீன்லதான் பிராடிரைசோபியம் ஜாஸ்தி. இதுதான் காரணமா இருக்குமோ?"

பயறுச் செடியின் வேர்முடிச்சில் வாழ்வது அது. "பிளாங்க் எங்கம்மா?"

"எடுக்கல சார்."

மேலும் விசாரித்தால், புண் மீன்களெல்லாம் ஒரு கிட்டில், நல்ல மீன்களெல்லாம் வேறு கிட்டில். அவர் கண்ட வித்தியாசம் மீனுடையதா, கிட்டுடையதா என்று இனி யாராலும் பிரிக்க முடியாது. டிஎன்ஏவைப் படிக்கும் சீக்வென்சிங்குக்குக் கொடுத்த பணம் போயிற்று. மீன்களும் அறுவடையாகி விற்றுப்போயின. ஒரே ஒரு குச்சிக்காக இவ்வளவு நஷ்டம் என்பதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

குளக்கரையிலேயே ஒரு குச்சியைப் பிரித்து, எதையும் தொடாமல் குப்பியில் போடுங்கள். ஆய்வகத்தில் மாதிரியே இல்லாமல் கிட்டை மட்டும் ஓட்டி இன்னொன்று. கிட்டை ஓட்டும் ஒவ்வொரு சுற்றிலும் புண் மீன் மாதிரி, நல்ல மீன் மாதிரி இரண்டும் இருக்கும்படி வையுங்கள்.

குளத்து நீரை மறப்பது

நீர் மாதிரி கூடவே இருந்தால்தான் தோலில் குடியிருப்பது எது, நீரோடு வந்து ஒட்டியது எது என்று பார்க்கலாம். உப்புத்தன்மையையும் குறித்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழையில் அது இறங்கும். தோலில் உள்ள கூட்டமும் அதோடு மாறும்.

விப்ரியோ என்றதும் மருந்தைத் தேடுவது

விப்ரியோ பாக்டீரியாவில் சில வகைகள் மீனுக்கு நோய் தரும். ஆனால் உவர்நீரில் அது இயல்பாகவே வாழ்கிறது, ஆரோக்கியமான மீனிலும் இருக்கும். 16எஸ் (பாக்டீரியாவை அடையாளம் காட்டும் மரபணு) முடிவில் பெயர் வந்தால் நோய் வந்ததாக அர்த்தமில்லை. பெர்மாங்கனேட் என்ற கிருமிநாசினி கரைத்த நீரில் மீனை விடும் குளியலோ நல்லது கெட்டது பார்க்காமல் பாக்டீரியாவைக் கொல்லும். மாதிரி எடுக்குமுன் அப்படி ஏதாவது குளியல் கொடுத்தார்களா என்று பண்ணைக்காரரிடம் கேட்டு, தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள்.